பெட்டிக்காரரின் சாவி

அந்தப் பட்டறையில் பூட்டுப் போட்டு வைத்திருந்தவை இரண்டே இரண்டுதான். ஒன்று முதலாளியின் மேசை டிராயர், இன்னொன்று பெட்டிக்காரரின் இரும்புப் பெட்டி. டிராயருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் கிடையாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஒன்பது வருஷமாகச் சிரித்தார்கள்.

கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிற பட்டறை அது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் தெரு. வெல்டிங் வைக்க ஒருவர், பெயின்ட் அடிக்க ஒருவர், அறுக்கவும் தேய்க்கவும் பெட்டிக்காரர். அவர் கையில் இருந்தது கிரைண்டர். கிரைண்டர் என்றதும் சமையலறையில் மாவரைப்பதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கையில் பிடிக்கிற மெஷின். முனையில் ஒரு தட்டையான சக்கரம், பட்டறைப் பேச்சில் வீல். நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்றுச் சுற்றும். இரும்பை அறுக்கும், வெல்டிங் மேட்டைத் தேய்த்து வழவழப்பாக்கும், கொஞ்சம் அசந்தால் பிடித்திருப்பவனையும் விடாது. அதற்காகத்தான் மெஷினைச் செய்தவன் வீலில் பாதியை மூடுகிற மாதிரி ஒரு இரும்புக் கவசத்தையும் சேர்த்து அனுப்புகிறான். அதுதான் கார்டு. மெஷின் வாங்கிய அன்றே அதைக் கழற்றி மூலையில் எறிவதுதான் பல பட்டறைகளில் முதல் வேலை. வேலையை மறைக்கிறதாம், இடுக்கில் நுழைய மாட்டேன் என்கிறதாம். கண்ணே போய்விட்டால் அப்புறம் எதுதான் மறைக்காது என்று அந்த நேரத்தில் ஒருவனுக்கும் தோன்றுவதில்லை.

பெட்டிக்காரருக்குத் தோன்றும். இருபத்துமூன்று வயதில் அவர் வேலை பார்த்த முதல் பட்டறையில், கையிலிருந்த வீல் வெடித்து ஒரு சில்லு கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு விரல் அகலம் தள்ளி. தையல் போட்ட டாக்டர், “ஒரு விரல்தான் வித்தியாசம், புரியுதா?” என்று கேட்டாராம். புரிந்தது. அன்றைக்குப் புரிந்தது இருபத்தைந்து வருஷமாக மறக்கவில்லை.

அவர் வேலை தொடங்குவதைப் பார்க்கவே பொறுமை வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்கித் தன் கண் முன்னால், மெஷினுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்வார், அவர் வீல் மாட்டும்போது வேறொருவர் கரன்ட் கொடுத்துவிடக் கூடாது என்று. வீலை வெளிச்சத்தில் காட்டி விளிம்பில் ஏதாவது பிசிறு, விரிசல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதன் மேல் அச்சடித்திருக்கிற வேகத்தையும் மெஷின் மேல் எழுதியிருக்கிற வேகத்தையும், ஆயிரம் தடவை படித்ததுதான் என்றாலும், ஆயிரத்தோராவது தடவையும் படிப்பார். கார்டை மாட்டி, திறந்த பக்கம் தன்னைப் பார்க்காதபடி திருப்பி இறுக்குவார். பக்கக் கைப்பிடியை முடுக்குவார். சட்டைக் கைப் பொத்தானைப் போட்டு, கண்ணாடிக்கு மேல் முகமறைப்பையும் இறக்கிவிட்டு, பொறி தெறிக்கிற திசையில் பெயின்ட் டப்பாவோ, அதைக் கரைக்கிற தின்னரோ இல்லை என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் சுவிட்ச். அதுவும் உடனே இரும்பில் வைத்துவிட மாட்டார். வீலுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று ஒரு நிமிஷம் வெறுமனே ஓட விடுவார். வெடிக்கிற வீல் அந்த ஒரு நிமிஷத்திலேயே பெரும்பாலும் வெடித்துவிடும் என்பது அவர் கணக்கு. அறுக்கிற வீலைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்து ஒருநாளும் யாரும் பார்த்ததில்லை. அறுத்து முடித்தாலும், வீல் முழுசாக நிற்கிற வரைக்கும் மெஷினை இரண்டு கையாலும் பிடித்தபடியே நிற்பார். மற்றவர்கள் சுற்றச் சுற்றத் தரையில் போட்டுவிட்டு அது பாட்டுக்கு ஓடுவதைக் காலால் மிதித்து நிறுத்துகிறவர்கள்.

தொடக்கத்தில் எல்லோருக்கும் சொல்லிப் பார்த்தார். “உங்க கதைய ஆரம்பிச்சிட்டீங்களாண்ணே” என்றார் வெல்டர். முதலாளி இன்னும் நயமாகப் பேசுகிறவர். “நீங்க சொல்றது அத்தனையும் சரிண்ணே. கேட் மட்டும் நாளைக்கு டெலிவரி” என்றார். அவர் கார்டை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது கழற்றிக் கிடக்கும். இரண்டு தடவை தேடி எடுத்து மாட்டினார். மூன்றாவது தடவை அது பழைய இரும்போடு சேர்ந்து வண்டியேறிப் போய்விட்டது. அன்று அவருக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. தன் கைக்காசில் ஒரு கார்டும் ஒரு இரும்புப் பெட்டியும் வாங்கி வந்தார். சாயங்காலம் ஆனால் கார்டு, கைப்பிடி, கண்ணாடி, முகமறைப்பு, கையுறை, பிரிக்காத வீல் கட்டு ஒன்று எல்லாம் பெட்டிக்குள் போகும். பூட்டு தொங்கும். சாவி அவர் சட்டைப் பையில் போகும்.

அதோடு ஊருக்குச் சொல்வதையும் நிறுத்திக்கொண்டார். அப்போதிருந்து பாதுகாப்பு என்பது அவருடைய சொந்தச் சாமான் ஆகிவிட்டது. தெரிந்தவன் தப்பிக்கட்டும், தெரியாதவன் எக்கேடோ கெடட்டும் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. பூட்டுத்தான் தினமும் ஆறு மணிக்கு ‘டக்’கென்று சொல்லியது.

பெட்டிக்காரர் என்று பெயர் வைத்தது அவர் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. நாற்பத்துநாலு வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நாக்கு மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சிலேயே இருந்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், கம்பெனியை மூடிவிட்டதும் வேலையில்லாமல் நின்றான். “உங்க பட்டறையில சொல்லி எதாவது போட்டுக் குடுங்க” என்று மனைவி நச்சரித்து, அவர் சொல்லி, முதலாளி சேர்த்துக்கொண்டார். வந்த மூன்றாம் நாளே, “என்ன மாமா, பெட்டியில நகையா வச்சிருக்கீங்க?” என்று ஆரம்பித்தான். ஒரே வாரத்தில் பெட்டிக்காரர் என்றே தெருவெல்லாம் கூப்பிட்டது. பெட்டிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தார். போட்டுக்கொண்டார்.

ஆனால் மச்சினன் கெட்டவன் இல்லை. வேலைக்குப் பயந்தவனும் இல்லை. லாரி ஓட்டின கை, பட்டென்று பிடித்துக்கொண்டது. அவனுடைய தப்பு, முதலாளி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

முதலாளி கண்டுபிடித்த சிக்கனம் ஒன்று அங்கே இருந்தது. பட்டறையில் இரண்டு மெஷின். பெரியதில் ஏழு இஞ்ச் வீல் போடுவார்கள், சின்னதில் ஐந்து இஞ்ச். அது தேய்ந்து ஆறு இஞ்சுக்கு வந்ததும் பெரிய மெஷினில் எட்டாது. தூக்கிப் போட வேண்டியதுதான். முதலாளிக்கு மனசு வராது. “இன்னும் பாதி உசிரு இருக்குய்யா இதுல” என்று ஒரு தகர டின்னில் சேர்த்து வைப்பார். சின்ன வீல் தீர்ந்துபோன நாளில் அந்தத் தேய்ந்த வீலைச் சின்ன மெஷினில் மாட்டி ஓட்டுவார்கள். ஓட்டை பொருந்தும். ஆனால் பெரிய மெஷின் சுற்றுவது எட்டாயிரத்துச் சொச்சம், சின்னது பதினோராயிரம். மெதுவாகச் சுற்றுவதற்கென்று வார்த்த வீலை அந்த வேகத்தில் சுற்ற விட்டால் அது எந்த நேரமும் சிதறலாம். இந்தக் கூத்துக்கு ஒரே தடை கார்டுதான். கார்டு மாட்டியிருந்தால் ஆறு இஞ்ச் வீல் உள்ளேயே நுழையாது. இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்காரர். அந்த டின்னைக் கடந்துதான் தினமும் தன் இடத்துக்குப் போனார்.

பெரிய கதை சின்ன விஷயத்தில் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டில் சாப்பாடு. பெட்டிக்காரரின் மகள் நல்ல மார்க் வாங்கியதற்காக நாலு உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மச்சினன் எழுந்து நின்றான். ஒரு தட்டை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். கரண்டியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு குனிந்தான்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க! மாமா குழம்பு ஊத்தப் போறாரு! ஒரு நிமிஷம் கரண்டிய சும்மா ஓட விடணும்!”

வீடே அதிர்ந்தது. அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது கூடப் பரவாயில்லை. மகள் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்து, “மாமா, இன்னொரு தடவ, இன்னொரு தடவ” என்றாள். அவனும் செய்தான். பெட்டிக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்துத் தழும்பு மட்டும் அவருக்குத் தனியாகச் சுட்டது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று மகளுக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மகளைக் கல்லூரியில் சேர்க்க லீவு போட்டிருந்தார். காலை எட்டரை மணிக்கு முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றார். அவர் ஃபோன் அடித்தது. மனைவி எடுத்தாள்.

“என்னங்க, தம்பிதான். பெட்டிச் சாவி வேணுமாம். சின்ன வீல் தீந்து போச்சாம், உங்க பெட்டியில ஒரு கட்டு இருக்காமே. கார்டும் வேணும்ங்கறான். வண்டியில வந்து பத்து நிமிஷத்துல வாங்கிக்கறானாம்.”

சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நேற்றைய சட்டையின் பையில் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து கண்ணாடியிலேயே தெரிந்தது. பை லேசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கார்டும் வேண்டும் என்கிறான். ஒன்பது வருஷத்தில் அந்தப் பட்டறையில் ஒருவன் வாய் திறந்து கார்டு கேட்டது அதுதான் முதல் தடவை. யோக்கியமாகப் பார்த்தால் அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு அந்தத் தட்டும் கரண்டியும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

“எங்க வச்சேன்னு தெரியல. தேடணும்னு சொல்லு.”

“கெடைக்கலையாம்டா” என்றாள் அவள் ஃபோனில். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “சரி சரி, பாத்து செய்” என்று வைத்தாள்.

அவர் கத்தியை எடுத்துத் தாடையை மழித்தார். மனசுக்குள் ஒரு குளுமை. மத்தியானம் கல்லூரி வேலை முடிந்ததும் நேரே பட்டறைக்குப் போவது, எல்லோரும் பார்க்கச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறப்பது, “இப்ப தெரியுதா மாப்ள, பெட்டி எதுக்குன்னு?” என்று நறுக்கென்று ஒரு வார்த்தை கேட்பது. அந்த வார்த்தையை எந்தத் தொனியில் சொல்வது என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு மனுஷனின் வீம்பு என்பது இவ்வளவுதான். ஒரு நாள், வேண்டாம், அரை நாள் கெத்து.

அந்த அரை நாள் முடியவில்லை. கல்லூரியில் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வெல்டர் ஃபோனில் கூப்பிட்டார். மாடிப்படிக் கைப்பிடி ஒன்று பன்னிரண்டு மணிக்குள் போயாக வேண்டும் என்று முதலாளி குதித்திருக்கிறார். “வீல் இல்லைன்னா டின்ல இருக்கறத மாட்டு, நாங்க என்ன இதுக்கு முன்னாடி ஓட்டலயா?” என்றாராம். மச்சினன் ஒரு தேய்ந்த வீலை எடுத்து, கார்டு இல்லாத மெஷினில் மாட்டி, வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறுத்திருக்கிறான். மூன்று துண்டு நன்றாகவே அறுத்தானாம். நாலாவதில் துண்டு விழப்போகிற நேரத்தில் வெட்டு இறுகி வீலைக் கவ்வியது. வீல் சிதறியது. ஒரு சில்லு கறுப்புக் கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டு இடது கண்ணுக்குள் போய்விட்டது. அவருக்கு ஒரு விரல் தள்ளிப் போனது, அவனுக்குத் தள்ளிப் போகவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து உடை மாற்றிக்கொள்ள வீட்டுக்கு வந்தவர், முதலில் கதவுக்குப் பின்னால் பார்த்தார். சட்டை இல்லை. பின்பக்கக் கொடியில் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. சாவி சமையலறை ஜன்னலில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. துவைக்கிற அவசரத்தில் எடுத்து வைத்திருப்பாள், எதையும் யோசித்திருக்க மாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாவியை எடுத்துப் பையில் போட்டார். அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பத்து நாள் கழித்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு முதல் நாள் முதலாளி பெட்டிக்காரரை அறைக்குள் கூப்பிட்டு, என்றும் இல்லாத திருநாளாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“அண்ணே, உங்க பெட்டி நம்ம பட்டறைப் பெட்டிதானே? கார்டு, கண்ணாடி, வீல் எல்லாம் உள்ள இருக்கு. அதுதான் உண்மை. சாவிக்கு நான் ஒரு டூப்ளிகேட் போட்டுட்டேன். உங்க சாவிய ஒரு மணி நேரம் வாங்கினேனே, அதுக்குத்தான். இதோ இந்த ஆணியில மாட்டியிருக்கேன். இது எப்பவுமே இங்கதான் இருந்துச்சு. என்ன?”

“எப்பவுமேவா?”

“பின்ன? இல்லைன்னா, சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சுன்னு ஆகும். அவன் கேட்டும் நீங்க குடுக்கலைன்னு ஆகும். எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

முதலாளி எதையும் தெரிந்து சொன்னாரா, குத்துமதிப்பாக எறிந்தாரா என்று இன்று வரைக்கும் பெட்டிக்காரருக்குத் தெரியாது. கல் பட வேண்டிய இடத்தில் பட்டது.

வந்த அதிகாரி நல்ல மனுஷன்தான். வியர்த்துக்கொண்டே பட்டறை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். தகர டின்னைக் காணோம், அது முதல் நாளே போய்விட்டது. பெட்டியைத் திறக்கச் சொன்னார். துடைத்து வைத்த கார்டையும் கண்ணாடியையும் பார்த்து அவருக்கே ஆச்சரியம். “இவ்வளவு நல்லா யாரும் வச்சுக்கிட்டு நான் பாத்ததில்ல” என்றார். பெட்டிக்காரரை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் பாராட்டினார், அதுவும் அன்றைக்குப் பார்த்து.

பிறகு கையிலிருந்த காகிதத்தைப் படித்தார். “காயம்பட்டவர் சொல்லியிருக்கார். சாவி கேட்டு உங்களுக்கு ஃபோன் பண்ணினாராம், கெடைக்கலைன்னு பதில் வந்துச்சாம். சரியா?”

“ஃபோனை நான் எடுக்கல சார்.”

அது உண்மை. எவ்வளவு சுத்தமான உண்மை என்றால், அதைச் சொல்லும்போது அவர் குரல் கூட நடுங்கவில்லை.

“இங்க வேற சாவி இருந்துச்சா?”

“இருக்கு சார், எப்பவும் அந்த ஆணியிலதான்” என்றார் முதலாளி முந்திக்கொண்டு.

அதிகாரி பெட்டிக்காரரின் முகத்தைப் பார்த்தார். “அப்படித்தானா?”

ஆணியில் சாவி பளபளவென்று தொங்கியது. புதுசு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மச்சினனுக்கு நியாயமும் நஷ்ட ஈடும் கிடைத்திருக்கும். அடுத்த கேள்வியாக, உங்கள் சாவி அன்று எங்கே இருந்தது என்று கேட்டிருப்பார்கள். அந்தப் பதில் ஆபீஸ் தாளில் ஏறி, மனைவியின் காதுக்குப் போய், மகளின் காதுக்கும் போயிருக்கும். பெட்டிக்காரர் தலையை ஆட்டினார். எல்லா வசதியும் இருந்தும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அதிகாரி போய்விட்டார்.

அடுத்த வாரமே பட்டறைச் சுவரில் ‘பாதுகாப்பே முதலிடம்’ என்று சிவப்பில் எழுதினார்கள். அதற்குக் கீழே பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று பெட்டிக்காரரின் பெயர். இப்போது எல்லோரும் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டார்கள். வெல்டர் கூடக் கண்ணாடி போட்டார். ஒன்பது வருஷம் அவர் ஏங்கியது அதற்குத்தான். அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுதான் இப்போது அவர் வேலை செய்கிறார்.

மச்சினனுக்குப் பழைய இரும்புக் கடையில் எடை போடுகிற வேலை கிடைத்தது. லாரி ஓட்ட முடியாது, மெஷின் பக்கம் போக முடியாது. நாக்கும் முன்னை மாதிரி இல்லை, நாலு பேர் இருந்தால் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு வருவான். வந்தால் அக்கா அவனை விட மாட்டாள், வறுத்து எடுப்பாள்.

“ஆபீஸ்லயே சாவி தொங்குது, அது கூடத் தெரியலயா உனக்கு? உன் மாமா இத்தன வருஷமா இதே வேலதான் செய்யறாரு, புதுசா ஒரு கீறல் உண்டா? அவரு சொன்னதக் கேட்டியா? கிண்டல்தானே பண்ணின?”

“ஆமாக்கா. எனக்குத்தான் தெரியல. ஆணியப் பாத்திருக்கலாம்” என்பான் அவன், தலையைக் குனிந்துகொண்டு. பெட்டிக்காரர் தட்டில் இருப்பதைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஒவ்வொரு வாரமும் இதே பேச்சு. வாராவாரம் அவருக்குப் பசி குறைந்தது, அவளுக்கோ குரல் ஏறியது. தம்பி மேல் இவ்வளவு பாசம் வைத்தவளுக்கு எங்கிருந்து இந்தக் கொடுமை வந்தது என்று அவருக்குப் புரியவே இல்லை.

ஒரு ஞாயிறு மச்சினன் துணிப்பை ஒன்றோடு வந்தான். சாப்பிட்டு முடித்ததும் அதற்குள் கையை விட்டு, துருவைத் தேய்த்து எண்ணெய் தடவிய ஒரு கார்டை எடுத்து நீட்டினான்.

“மாமா, பழைய இரும்போட வந்துச்சு. யாரோ கழட்டிப் போட்டிருக்கான் பாருங்க, மடையன். உங்களுக்கு ஆகுமேன்னு ரெண்டு நாள் தேச்சேன். பெட்டியில ஒண்ணு கூடுதலா இருக்கட்டும். நீங்க சொன்னத அப்பவே கேட்டிருக்கணும் நான்.”

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவன் எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினான். மகள் பக்கத்து வீட்டில் இருந்தாள். வீடு சத்தமில்லாமல் இருந்தது. மனைவி எச்சில் தட்டுகளை அடுக்கினாள். அடுக்கியவள் எடுத்துக்கொண்டு போகாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

“சாவி உங்க சட்டைப் பையில இருந்துச்சு” என்றாள்.

அவர் நிமிரவில்லை.

“தேடணும்னு சொன்னீங்கல்ல. ஃபோன வச்சிட்டு, காலேஜ் கெளம்பறதுக்கு முன்னாடி துணிய ஊற வைக்கலாம்னு சட்டைய எடுத்தேன். கனமா இருந்துச்சு. நீங்க கண்ணாடியில அந்தச் சட்டையத்தான் பாத்துக்கிட்டு நின்னீங்கன்னு அப்பதான் எனக்கு ஒறச்சுது.”

“அப்பவே தெரியுமா உனக்கு?” என்றார் அவர். “அப்புறம் ஏன் அவனை வாராவாரம் அந்தத் திட்டுத் திட்டற?”

“பின்ன யாரத் திட்டச் சொல்றீங்க?” என்றாள். அழவில்லை. தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினாள். “அவனத் திட்டலைன்னா உங்களத் திட்டணும். உங்களத் திட்டினா அப்புறம் என்னையே திட்டிக்கணும். சாவி என் கையில இருந்துச்சுங்க. எட்டே முக்கால் மணிக்கு. ‘டேய், கெடைச்சிருச்சு, வந்து எடுத்துக்க’ன்னு ஒரு ஃபோன். ஒரே ஒரு ஃபோன். மாமனும் மச்சானும் எப்படியோ போங்க, உங்க வீம்புல நான் எதுக்கு மூக்க நொழைக்கணும்னு ஜன்னல்ல வச்சிட்டு வந்துட்டேன்.”

மடியில் கார்டு கனத்தது. இத்தனை மாதமாகத் தான் ஒருவன்தான் இதைச் சுமக்கிறோம் என்று நினைத்திருந்தார். பக்கத்தில் படுத்திருந்தவளும் அதையேதான் சுமந்திருக்கிறாள். இது தெரியாத ஒரே ஒருவன், கண்ணைக் கொடுத்தவன். அவனோ எண்ணெய் தடவிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

“அக்கா, பைய மறந்துட்டேன்” என்றபடி மச்சினன் உள்ளே வந்தான். எதையும் கேட்டிருக்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாற்காலி மேல் கிடந்த துணிப்பையைத் தடவி எடுத்தான். அப்போதுதான் பெட்டிக்காரர் மடியில் இருந்ததைப் பார்த்தான். அவன் முகத்தில் பழைய சிரிப்பு கொஞ்சம் வந்து போனது.

“அளவு பாத்தீங்களா மாமா? உங்க மெஷினுக்குச் சரியா இருக்கா?”

பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது. அது நாலு இஞ்ச் மெஷினின் கார்டு. அவருடைய ஐந்து இஞ்ச் மெஷினுக்குச் சேரவே சேராது. மனைவி தட்டைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு இதைவிட ஒரு நேரம் வராது என்று அவருக்கே தோன்றியது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“சரியா இருக்கு மாப்ள” என்றார்.

“அதானே, எனக்குத் தெரியும்” என்றான் அவன் நிம்மதியாக. பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். போகும்போது இடது தோள் நிலைக்கதவில் இடித்தது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று தானே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனான்.